87 சதவீதம், அப்புறம் 39: இந்தியானா செனட்டர் ஒருவரின் கடைசி ஆறு ஆண்டுகள்

2006 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், பதவியில் இருந்த ஒரு செனட்டர் 87 சதவீத ஓட்டு வாங்கி ஆறாவது முறையாக ஜெயித்தார். ஐந்தரை ஆண்டு கழித்து, 2012 மே 8 அன்று, அவருடைய சொந்தக் கட்சி வாக்காளர்களே அவருக்குச் சீட்டு இல்லை என்று முடிவு செய்தார்கள். ஒரே மனிதர், ஒரே மாநிலம், ஒரே கட்சி. நடுவில் ஊழல் வழக்கு இல்லை, கைது இல்லை, குடும்பப் பிரச்சினை எதுவும் வெளியே வரவில்லை. அப்புறம் எப்படி இது நடந்தது என்று பார்க்கத்தான் இந்த ஆய்வு.

இதில் வருகிறவர்களைப் பதவியால் மட்டும் குறிப்பிடுகிறேன். அமெரிக்க அரசியல் பார்க்கிறவர்களுக்கு யார் யாரென்று தெரிந்துவிடும், அதில் ஒன்றும் ரகசியமில்லை. ஆனால் பெயரோடு படித்தால் அவரைப் பிடித்தவர்கள் ஒரு விதமாகவும் பிடிக்காதவர்கள் வேறு விதமாகவும் படிப்பார்கள், அதைத் தவிர்க்கப் பார்க்கிறேன்.

## பின்னணி

செனட்டர் குடியரசுக் கட்சிக்காரர். 1968 முதல் 1975 வரை இண்டியானாபோலிஸ் நகர மேயர்; நகரத்தையும் அதைச் சுற்றியிருந்த கவுண்டியையும் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஒரே நிர்வாகமாக இணைத்தது அவர் காலத்தில்தான். 1974-ல் செனட்டுக்கு நின்று தோற்றார், 1976-ல் ஜெயித்தார். 1982-ல் 54 சதவீதம் வாங்கினார், ஓரளவு கடினமான தேர்தல். அதற்குப் பிறகு 1988, 1994, 2000 மூன்றிலும் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு.

அவருடைய பெரிய வேலை வெளியுறவில். சோவியத் யூனியன் உடைந்துகொண்டிருந்த 1991-ல், எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜார்ஜியா செனட்டர் ஒருவரோடு சேர்ந்து, அங்கே கிடந்த அணு ஆயுதங்களைக் கழற்றி அழிக்க அமெரிக்கப் பணம் கொடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். அந்தத் திட்டத்தில் 7,500-க்கும் மேற்பட்ட அணுகுண்டு முனைகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. உக்ரைன், கஜகஸ்தான், பெலாரூஸ் மூன்றும் அணு ஆயுதம் இல்லாத நாடுகளாயின. ஒரு மாநிலத்தின் செனட்டர் செய்த வேலையால் உலகத்தில் இத்தனை குண்டுகள் குறைந்தன என்பது எனக்கு இன்றைக்கும் மலைப்பாகத்தான் இருக்கிறது. இந்த ஆய்வை எழுத அதுவும் ஒரு காரணம்.

அமெரிக்கத் தேர்தல் முறை பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். யாருக்குச் சீட்டு என்று தலைமை உட்கார்ந்து அறிவிக்கிற வழக்கம் அங்கே இல்லை. முதலில் கட்சிக்குள் பிரைமரி என்று ஒரு தேர்தல் நடக்கும், அதில் ஜெயித்தவர்தான் நவம்பரில் கட்சி வேட்பாளர். இந்தியானாவில் பிரைமரி மே மாதம். நவம்பரில் வருகிற கூட்டத்தில் வழக்கமாகப் பாதிகூட மே மாதம் வராது, வருகிறவர்களும் பெரும்பாலும் கட்சிப் பற்று அதிகமுள்ளவர்கள். செனட்டர் 1976-ல் ஜெயித்ததிலிருந்து 2006 வரை இந்த மே மாதப் பரீட்சையில் அவருக்குக் கடுமையான போட்டி என்று ஒன்று வந்ததே இல்லை.

## 2006: எதிரே ஆள் இல்லாத தேர்தல்

2006 குடியரசுக் கட்சிக்கு மிக மோசமான ஆண்டு. இராக் போர் மீது மக்களுக்கு வெறுப்பு, ஜனாதிபதி புஷ்ஷின் செல்வாக்கு சரிவில். செனட்டில் ஆறு இடங்களைக் கட்சி இழந்தது, பெரும்பான்மையும் போயிற்று. இந்தியானாவிலேயே பிரதிநிதிகள் சபையில் மூன்று பேர் பதவியிழந்தார்கள்.

அதே நாள், அதே ஓட்டுச்சீட்டு. செனட் பகுதிக்கு வந்தால் பட்டியலில் இரண்டே பெயர்: ஒன்று செனட்டர், இன்னொன்று லிபர்டேரியன் என்ற சிறிய கட்சியின் வேட்பாளர். ஜனநாயகக் கட்சி ஆளே நிறுத்தவில்லை. தோற்பது நிச்சயம் என்று தெரிந்த இடத்தில் எதற்குப் பணத்தைக் கொட்ட வேண்டும், கைக்கு எட்டுகிற மூன்று தொகுதிகள் இருக்கும்போது? அவர்கள் பக்கத்தில் அது சரியான கணக்குதான், மூன்றையும் பிடித்தார்கள்.

முடிவு: செனட்டருக்கு 11,71,553 ஓட்டு, எதிரே நின்றவருக்கு 1,68,820. மாநிலத்தின் 92 கவுண்டிகளிலும் அவரே முதலிடம்.

அதே சீட்டில் கொஞ்சம் கீழே இறங்கினால் மாநிலக் கருவூலர் பதவி. அதில் குடியரசுக் கட்சி சார்பில் ஜெயித்தவர் ஒரு நிலவியலாளர். அன்றைக்கு யாரும் அவரைக் கவனிக்கவில்லை. இந்த ஆய்வில் அவர் திரும்ப வருவார்.

## அந்த எண்ணிக்கையில் என்ன இருந்தது, என்ன இல்லை

87 சதவீதத்தை நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். பெரிய பங்கு உண்மையான மரியாதை. ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போட்டு மூன்று குடியரசுக் கட்சிக்காரர்களை இறக்கிய அதே கைகள் செனட் பகுதிக்கு வந்ததும் இவர் பெயரைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. இன்னொரு பங்கு வெறும் வெற்றிடம். ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் நின்றிருந்தால் இது 65-க்கும் 70-க்கும் நடுவில் வந்திருக்கும் என்பதற்கு முந்தைய மூன்று தேர்தல்களே சாட்சி.

ஆனால் அந்த எண்ணிக்கை ஒரு விஷயத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. கட்சியின் தீவிர வாக்காளர், மே மாதம் தவறாமல் வருகிற அந்தச் சில லட்சம் பேர், இவரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? நவம்பரில் அவர்களும் இவருக்குத்தான் போட்டார்கள், வேறு யாருக்குப் போடுவார்கள்? ஆகவே கட்சிக்குள் இருந்த மனக்குறையும் அதே 87-க்குள் அடங்கிப்போய் ஆதரவாகவே கணக்கில் வந்தது. வழக்கமான ஒரு போட்டி இருந்திருந்தால் கவுண்டி கவுண்டியாக ஆள் போட்டிருப்பார்கள், தொண்டர் பட்டியல் புதுப்பித்திருப்பார்கள், எந்த ஊரில் முகம் சுளிக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும். அந்த ஆண்டு அதற்கெல்லாம் அவசியமே வரவில்லை.

## 2007 – 2010: எடுத்த முடிவுகள்

பெரும்பான்மை போனதால் செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவர் பதவியும் அவர் கையைவிட்டுப் போனது. வேலை செய்யும் முறையை மட்டும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 2005-லேயே ஒபாமாவை, அப்போது ஒபாமா புது செனட்டர், கூட்டிக்கொண்டு ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் போய் ஆயுதக் கிடங்குகளைப் பார்த்துவந்தவர் அவர். 2008 பிரச்சாரத்தில் ஒபாமா அந்த நட்பைத் தன் விளம்பரத்தில் காட்டினார். அந்த ஆண்டு இந்தியானாவும் 1964-க்குப் பிறகு முதன்முறையாக ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி வேட்பாளருக்கு, மயிரிழையில், போனது.

அதற்குப் பிறகு வரிசையாகச் சில ஓட்டுகள். 2008-ல் வங்கிகளைக் காப்பாற்றும் நிதித் திட்டத்துக்கு ஆதரவு. 2009-லும் 2010-லும் ஒபாமா நியமித்த இரண்டு உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஆதரவு. தகுதி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் செனட்டின் வேலை என்பது அவர் நிலை. 2010 டிசம்பரில், சிறு வயதில் பெற்றோரால் கூட்டிவரப்பட்ட குடியேறிகளுக்கு வழி திறக்கும் மசோதாவுக்கு ஆதரவு. அவர் கட்சியில் அப்படிப் போட்டவர்கள் மூன்றே பேர். சில நாளில் ரஷ்யாவோடு அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம். அதை நிறைவேற்றித் தர முன்னால் நின்று பாடுபட்டவர்களில் இவர் முக்கியமானவர், 71-க்கு 26 என்று நிறைவேறியது.

இவை எதுவும் அவசரத்தில் எடுத்த முடிவுகள் இல்லை. ஒவ்வொன்றும் கட்சியின் தீவிர வாக்காளருக்குப் பிடிக்காது என்பது அவருக்கும் அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கும் தெரியும். 87 சதவீதம் வாங்கிய ஒருவருக்கு அந்தத் துணிச்சல் இருப்பது நியாயம்தானே? ஒரு வகையில் அந்தப் பெரிய வெற்றியின் நல்ல பயன் இதுதான் என்பேன், மனசாட்சிப்படி ஓட்டுப் போட இடம் கிடைத்தது. குறை வேறு இடத்தில். இந்த ஓட்டுகளை ஊருக்குப் போய் விளக்குகிற வேலை அதே அளவுக்கு நடக்கவில்லை.

## எச்சரிக்கைகள்

2010 மே மாதம் யூட்டாவில் மூன்று முறை செனட்டராக இருந்தவரைப் பிரைமரிக்குக்கூட விடாமல் கட்சி மாநாடே கழித்துக்கட்டியது. ஆகஸ்டில் அலாஸ்கா செனட்டர் பிரைமரியில் தோற்றார்; நவம்பரில் மக்கள் தன் பெயரைச் சீட்டில் கையால் எழுதிப் போடும்படி கேட்டு நின்று மீண்டு வந்தார். இந்தியானாவிலேயே மாநிலத்தின் இன்னொரு செனட் இடத்துக்கு நடந்த பிரைமரியில், கட்சி மேலிடத்துக்கு வேண்டியவர் 39 சதவீதத்தில் ஜெயித்தார். எதிர்ப்பு ஓட்டு இரண்டு பேருக்குப் பிரிந்துபோனதால்தான் அவர் பிழைத்தார்.

இந்தக் கடைசிச் செய்தியைச் சரியாகப் படித்தவர்கள் டீ பார்ட்டிக்காரர்கள், அதாவது குடியரசுக் கட்சிக்குள் அரசுச் செலவையும் ஒபாமாவையும் எதிர்த்துக் கிளம்பிய தீவிர வலதுசாரி இயக்கத்தினர். அடுத்த முறை ஒரே ஆளைத்தான் நிறுத்த வேண்டும் என்று குழுக்கள் கூடிப் பேசி, 2011 செப்டம்பரில் ஒரு பெயரை முடிவு செய்தார்கள். அந்தப் பெயர்தான் மேலே சொன்ன மாநிலக் கருவூலர்.

கருவூலருக்கு அதற்குள் பெயர் வந்திருந்தது. 2009-ல் கிரைஸ்லர் கார் நிறுவனம் திவாலானபோது, மாநில ஓய்வூதிய நிதிகள் கையில் வைத்திருந்த கடன் பத்திரங்களுக்கு நியாயமான விலை கிடைக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடியவர் அவர். வழக்கால் கார் நிறுவன விற்பனையை நிறுத்த முடியவில்லை. ஆனால் கட்சித் தொண்டர் மத்தியில் ஒபாமா அரசை எதிர்த்து நின்றவர் என்ற அடையாளம் கிடைத்தது. 2011 பிப்ரவரியில் அவர் போட்டியை அறிவித்த அன்றே கவுண்டி கட்சித் தலைவர்களில் பெரும்பாலோர் அவர் பின்னால் நின்றார்கள்.

நான் இந்த நிகழ்வில் திருப்பம் என்று ஒரு இடத்தைக் காட்ட வேண்டுமென்றால் இதைத்தான் காட்டுவேன். கவுண்டித் தலைவர்கள் ஒரே நாளில் கட்சி மாறி வந்தவர்கள் இல்லை. எல்லாரும் செனட்டரின் சொந்தக் கட்சி ஆட்கள், பல ஆண்டாக அவர் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்டவர்கள். அவர்கள் விலகிப்போனது பிரைமரிக்கு 15 மாதம் முன்பே எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

## வீடு

செனட்டரின் வாக்காளர் பதிவில் இண்டியானாபோலிஸ் நகர வீடு ஒன்றின் முகவரி இருந்தது. அந்த வீட்டை அவர் 1977-லேயே விற்றுவிட்டார். குடும்பத்தோடு வாஷிங்டன் பக்கம் குடிபோனவர், ஊருக்கு வரும்போது ஓட்டலில் தங்கினார். யாரோ ஒருவர் குடியிருக்கிற வீட்டின் முகவரியைக் காட்டித்தான் முப்பத்தைந்து ஆண்டு ஓட்டுப் போட்டார். சட்டப்படி இது செல்லும் என்று மாநில சட்ட அதிகாரியின் கருத்தை முன்பே எழுத்தில் வாங்கி வைத்திருந்தார். நாடாளுமன்றப் பணிக்காக வெளியே இருப்பவர் தன் வசிப்பிடத்தை இழப்பதில்லை என்பது அதன் சாரம்.

2012 பிப்ரவரியில் மாநிலத் தேர்தல் ஆணையம் அவர் போட்டியிடத் தடையில்லை என்றது. மார்ச்சில் இண்டியானாபோலிஸ் இருக்கிற மேரியன் கவுண்டியின் தேர்தல் குழு, அந்த முகவரியில் அவர் ஓட்டுப் போடத் தகுதியில்லை என்று 2-க்கு 1 என்று தீர்மானித்தது. கடைசியில் அதே கவுண்டியில் இருந்த குடும்பப் பண்ணையின் முகவரிக்குப் பதிவை மாற்றிக்கொண்டார். நடுவில், செனட் விடுமுறை நாட்களில் இண்டியானாபோலிஸ் ஓட்டலில் தங்கியதற்கு அரசுப் பணத்திலிருந்து எடுத்த பல ஆயிரம் டாலரைத் திருப்பிக் கட்ட வேண்டியும் வந்தது.

அவருடைய ஆட்கள் எல்லாவற்றுக்கும் சட்டத்தில் பதில் வைத்திருந்தார்கள், அந்தப் பதில்கள் தப்பும் இல்லை. ஆனால் சாதாரண வாக்காளர் கேட்டது சட்டக் கேள்வி இல்லையே. "உங்கள் வீடு எங்கே?" என்று கேட்டார்கள். அதற்கு ஒரே வரியில் சொல்கிற மாதிரி ஒரு பதில் அவர்களிடம் இல்லை.

## கடைசி வாரங்கள்

வெளியிலிருந்து பணம் வந்து இறங்கியது. வரிக் குறைப்பு கோருகிற குழுக்கள், துப்பாக்கி உரிமைச் சங்கம், எல்லாம் செனட்டருக்கு எதிராக விளம்பரம் போட்டன. ஒபாமாவுக்குப் பிடித்த குடியரசுக் கட்சிக்காரர் என்பதுதான் முக்கியக் குற்றச்சாட்டு. மாநில ஆளுநர், செனட்டரிடமே வேலை கற்றவர், அவருக்காக விளம்பரத்தில் பேசினார். மார்ச் கடைசியில் வந்த கருத்துக்கணிப்பில் செனட்டர் 42, கருவூலர் 35. மே முதல் வாரத்தில் கருவூலர் 48, செனட்டர் 38.

இந்தியானாவில் வாக்காளர் எந்தக் கட்சியிலும் பதிவு செய்ய வேண்டியதில்லை, மே மாதம் வாக்குச்சாவடிக்குப் போய் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 2006-ல் 11 லட்சத்து 71 ஆயிரம் பேர் இவருக்குப் போட்டார்களே, அவர்களில் கட்சி சாராதவர்களும் ஜனநாயகக் கட்சிக்காரர்களும் ஏராளம். அவர்களையும் வந்து ஓட்டுப் போடும்படி செனட்டர் தரப்பு கேட்டது. கேட்டது கடைசி நேரத்தில். பெரிதாகக் கேட்டால் எதிராளி சொல்கிற குற்றச்சாட்டை நாமே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்ற தயக்கமும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கேட்காமல் விட்டாலும் தோல்வி, கேட்டாலும் சிக்கல் என்ற நிலைக்கு ஏப்ரல் மாதத்திலேயே வந்துவிட்டார்கள்.

## விளைவு

மே 8 அன்று கருவூலருக்குச் சுமார் 4 லட்சம் ஓட்டு, 60 சதவீதத்துக்குச் சற்று மேல். செனட்டருக்கு 2 லட்சத்து 61 ஆயிரம், 39 சதவீதம் சொச்சம். அவருக்கு அப்போது வயது 80, செனட்டில் 36-ஆவது ஆண்டு. பிரைமரியில் தோற்றவர் அதே ஆண்டு நவம்பரில் வேறு கட்சி சார்பிலோ சுயேச்சையாகவோ நிற்கக் கூடாது என்பது இந்தியானா சட்டம், ஆகவே அலாஸ்கா வழியும் அடைபட்டிருந்தது.

அன்று இரவு அவர் நீண்ட அறிக்கை ஒன்று வெளியிட்டார். வங்கி நிதி, கார் நிறுவன உதவி, ரஷ்ய ஒப்பந்தம், நீதிபதிகள் என்று தனக்கு எதிராகத் திருப்பப்பட்ட ஓட்டுகளை அவரே வரிசையாகச் சொல்லி, அவை சரியான ஓட்டுகள், வருத்தமில்லை என்றார். பிரைமரிக்கு முன்பே சுயேச்சையாக நிற்கச் சொன்னவர்களுக்கு, நான் என்றைக்கும் குடியரசுக் கட்சிக்காரன் என்று பதில் சொன்னதையும் எழுதியிருந்தார். ஜெயித்தவர் கட்சிப் பிடிவாதத்தோடே செயல்பட்டால் இந்தியானாவுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. அதற்குப் பிறகு செனட்டர் கருவூலருக்காகப் பிரச்சாரத்துக்குப் போகவில்லை.

அக்டோபர் 23 அன்று நியூ ஆல்பனியில் நடந்த விவாதத்தில், வல்லுறவினால் உண்டாகும் கருவும் கடவுள் சித்தம் என்ற பொருளில் கருவூலர் ஒரு பதில் சொன்னார். நாடு முழுக்க அதே பேச்சு. நவம்பர் 6 அன்று ஜனாதிபதித் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ராம்னி இந்தியானாவை 54-க்கு 44 என்று எளிதாக ஜெயித்த அதே நாளில், செனட் இடத்தை ஜனநாயகக் கட்சி வேட்பாளர் 50-க்கு 44 என்று எடுத்துக்கொண்டார். ராம்னிக்குப் போட்டவர்களில் கணிசமானவர்கள் செனட்டுக்கு வரும்போது கையை நகர்த்தினார்கள், அவ்வளவு தெரிகிறது. கட்சிக்கு அந்த இடம் திரும்பக் கிடைத்தது 2018-ல்தான்.

செனட்டருக்கு 2013-ல் ஒபாமா சுதந்திரப் பதக்கம் கொடுத்தார். 2019 ஏப்ரலில் அவர் காலமானார்.

## மாற்றியிருக்கக் கூடியவை

ஓட்டுகளைத் தொடமாட்டேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நிகழ்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். அதே 2012-ல் யூட்டாவின் மூத்த செனட்டர் ஒருவர் இதே ஆபத்தைச் சமாளித்துப் பிரைமரியில் 66 சதவீதம் வாங்கினார். தன் சகா 2010-ல் விழுந்ததைப் பார்த்ததுமே இரண்டு வேலை செய்தார்: தன் நிலைப்பாடுகளைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினார், கூடவே ஒவ்வொரு பகுதிக் கூட்டத்துக்கும் தன் ஆட்களை ஒரு வருடத்துக்கு முன்பிருந்தே திரட்டினார். இந்த இரண்டில் எது எவ்வளவு உதவியது என்று பிரிக்க முடியாது. இரண்டாவதை மட்டுமாவது இந்தியானாவில் செய்திருக்கலாம் என்பது என் கருத்து, அதற்குக் கொள்கை எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

2006-ல் கையில் பணம் இருந்தது, எதிரே ஆள் இல்லை. அந்தக் கோடையில் 92 கவுண்டிகளுக்கும் போய், நிஜமாகவே போட்டி இருப்பது போலக் கட்சிக்காரர்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். குறை கேட்கக் கிடைத்த மிக மலிவான நேரம் அது. 2008-ல் வங்கி நிதித் திட்டத்துக்குப் போட்ட ஓட்டில் தொடங்கி ஒவ்வொரு முறையும், ஓட்டுப் போட்ட வாரத்திலேயே ஊருக்குப் போய் விளக்கியிருந்தால் 2011-ல் கவுண்டித் தலைவர்கள் எல்லாரும் இல்லாவிட்டாலும் பாதிப் பேராவது தங்கியிருப்பார்கள்.

கட்சி சாராதவர்களின் ஆதரவும் அப்படித்தான். நவம்பர் வாக்காளரை மே வாக்காளராக மாற்ற ஒரு பருவம் போதாது. 2010 முடிந்ததுமே ஆரம்பித்து, பிரைமரி என்றால் என்ன, எந்தச் சீட்டைக் கேட்க வேண்டும் என்று பெயர் பெயராகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

வீட்டு விஷயத்துக்குச் சட்டக் கருத்து தேவையே இல்லை. இண்டியானாபோலிஸில் இரண்டு அறை உள்ள ஒரு வாடகை வீடு, கதவில் அவர் பெயர், மாதத்தில் சில நாள் அங்கே எரிகிற விளக்கு. 2007-லேயே எடுத்திருக்கலாம்.